மிச்சமாகும் நேரம் யாருக்கு? மட்டக்களப்பில் ஒரு கடன் நிறுவனம் ஏஐக்கு மாறியபோது நடந்தது

பின்னணி

வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கிளைகள் உள்ள, மட்டக்களப்பு நகரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கிற ஒரு தனியார் கடன் நிறுவனத்தில் 2024 நடுப்பகுதி தொடக்கம் 2025 முடியும்வரை நடந்ததைத்தான் எழுதுகிறேன். பெயர்கள் எதுவும் வராது. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். ஊழியர் பயிற்சிக்கு உதவ வெளியிலிருந்து அழைக்கப்பட்டவன் நான். அதனால் பணிப்பாளர் அறையிலும் உட்கார முடிந்தது, கிளைகளில் பின்னேரத் தேத்தண்ணி நேரத்திலும் உட்கார முடிந்தது.

நெல்லுக்கு, தோணி எஞ்சினுக்கு, ஆட்டோவுக்கு, சின்னக் கடைக்கு என்று கடன் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். வெளிக்கள உத்தியோகத்தர் காலையில் மோட்டார் சைக்கிளில் வாவியைக் கடந்து படுவான்கரைப் பக்கம் போவார், வீடு வீடாகக் கண்டதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு வருவார், பின்னேரம் கிளையில் இருந்து அதையே மறுபடி கணினியில் ஏற்றுவார், வீட்டுக்குப் போக ஏழு எட்டு மணி ஆகிவிடும். தவணை பிந்தியவர்களுக்குப் போகும் கடிதங்களைத் தலைமை அலுவலகத்தில் ஓர் எழுதுவினைஞர் தட்டச்சு செய்வார்.

இந்தப் பக்கத்தில் கடன் கடிதம் சாதாரணக் கடதாசி இல்லை. வீட்டு வாசலில் வந்து நின்று நுண்கடன் வசூலித்த காலத்தைச் சனம் மறக்கவில்லை. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் திட்டம் கொண்டுவந்தபோது மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஒரு பிழையான சொல் இருக்கிற கடிதம் போனால் ஊர் முழுக்கக் கதை பரவும்.

2024இல் பணிப்பாளர் கொழும்பு மென்பொருள் நிறுவனமொன்றிடம் ஏஐ வசதி ஒன்றை வாங்கினார். வெளிக்களக் குறிப்புகளைச் சுருக்கித் தரும், கடிதங்களுக்கு வரைவு எழுதித் தரும், ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியவற்றை ஆங்கிலத்தில் ஆக்கித் தரும். மனிதவள முகாமையாளருக்கு விஷயம் தெரிந்தது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு. அவருக்கு வந்த முதல் செய்தி, “ஆக்களுக்கு ஒரு ட்ரெயினிங் வைங்க மெடம்” என்பது.

பயிற்சி நாளும் அதற்குப் பிறகும்

பாசிக்குடாவில் ஹோட்டல் மண்டபம் எடுத்தார்கள். ஒரு நாள். நல்ல பயிற்றுநர், நல்ல சாப்பாடு, பின்னூட்டப் படிவத்தில் எல்லோரும் ‘மிக நன்று’ போட்டிருந்தார்கள். பயிற்சியை மதிப்பிடுவதற்கு டொனால்ட் கேர்க்பட்ரிக் 1959இல் எழுதிய நான்கு படிகள் மனிதவளத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தவை: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் கிடைத்ததா. அந்தப் படிவம் முதல் படியை மட்டும்தான் கேட்டது. மற்ற மூன்றையும் யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பாவனை அறிக்கையைப் பார்த்தால், பெரும்பாலானவர்கள் அதைத் திறக்கவே இல்லை. பணிப்பாளர் ஆட்களுக்கு விருப்பமில்லை என்று முடிவெடுத்துக் கட்டாயமாக்கச் சொன்னார். மனிதவள முகாமையாளர் அவகாசம் கேட்டார். கூட்டம் போடாமல் கிளை கிளையாகப் போய், வேலை முடிகிற நேரத்தில் இருந்து கதைத்தார். சில கிளைகளுக்கு நானும் போனேன்.

அங்கே கிடைத்த விஷயம் அறிக்கைக்கு நேர்மாறாக இருந்தது. ஆட்கள் ஏஐயைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள், தங்கள் சொந்தப் போனில். கல்முனைக் கிளையில் ஓர் உத்தியோகத்தர், கோபிக்க மாட்டீர்களே என்று கேட்டுவிட்டு, தன் சாட்ஜிபிடியைத் திறந்து காட்டினார்: தலைமை அலுவலகத்துக்கு அவர் எழுதிய ஆங்கிலக் கடிதங்கள் வரிசையாக இருந்தன, பல வாரத்துக்கு. அலுவலகத்தில் வாங்கித் தந்ததை ஏன் தொடுவதில்லை என்று கேட்டோம்.

“அதுல எல்லாம் பதியுது மெடம். எனக்கு ரெண்டு மணித்தியாலம் மிஞ்சுது எண்டு தெரிஞ்சா இன்னும் பத்து வீடு எழுதித் தருவீங்க. பிறகு நான் ஏன் சொல்லணும்?”

முகாமையாளர் அதைத் தன் குறிப்புக் கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு எடுத்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம். அந்த இளைஞர் சோம்பேறி கிடையாது, தொழில்நுட்பத்துக்குப் பயந்தவரும் கிடையாது. இலக்கு வைத்து வேலை வாங்கும் இடத்தில் மிச்சமாகும் நேரம் எங்கே போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

செங்கலடிப் பக்கத்தில், இன்னும் சில வருடத்தில் ஓய்வுபெறப் போகிற ஒருவர் வேறு விதமாகச் சொன்னார்: “அது எழுதும். கீழ என்ட பேர்தானே வருது.” பிழைத்தால் யார் தலையில் விழும் என்பதுதான் அவர் கேள்வி. பயிற்சி நாளில் இந்த இரண்டு கேள்விக்கும் ஒருவரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

வேறு ஒன்றும் தெரியவந்தது. இலவசச் செயலிகளுக்குள் வாடிக்கையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், காணி உறுதி விவரம் எல்லாம் அப்படியே போய்க்கொண்டிருந்தன. தென் கொரியாவின் சாம்சங்கில் 2023இல் பொறியியலாளர்கள் நிறுவனத்தின் மூலநிரலை சாட்ஜிபிடியில் போட்டுவிட, அந்த நிறுவனம் இப்படியான கருவிகளுக்கே ஊழியரிடம் தடை போட்டது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. கடன் நிறுவனத்தின் கையில் இருப்பது மற்றவர்களுடைய தரவு என்பதால் இதை ஆறப்போட முடியாது.

தட்டச்சு செய்யும் எழுதுவினைஞரிடம் கேட்டபோது, “எனக்கு ஒண்டும் இல்ல மெடம், சொல்றதைச் செய்வன்” என்றார். அதற்கு மேல் எதுவும் கதைக்கவில்லை.

மார்ச் மாதம் போன கடிதம்

இந்தப் பேச்சுகள் நடந்துகொண்டிருக்கும்போதே 2024 நவம்பர் இறுதியில் வெள்ளம் வந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வயல்கள் தண்ணீருக்குள் போயின. சிலர் வடிந்த பிறகு மறுபடி விதைத்தார்கள், அதனால் பெரும்போக (மாரிகால நெல்) அறுவடை பிந்தியது, தவணையும் பிந்தியது. நிலுவைக் கோப்புகள் குவிந்தன. கிளைகளுக்கு அவசரம் வந்தது, இதுவரை தொடாமல் இருந்த ஏஐயைப் பாவிக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தமும் வந்தது.

வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி ஒருவரின் கோப்பு அப்போது ஓர் இளம் உத்தியோகத்தரின் கைக்கு வந்தது. அந்தப் பகுதியை வழக்கமாகப் பார்க்கிறவர் பிரசவ விடுப்பில் இருந்தார். புதியவர் அந்த வீட்டுக்குப் போனது மூன்று தடவை, மூன்று தடவையும் எழுதியது ஒரே வரி: “வீட்டில் ஆள் இல்லை.” அதை ஏஐ இப்படிச் சுருக்கியது: வாடிக்கையாளர் தொடர்பைத் தவிர்க்கிறார், திருப்பிச் செலுத்தும் எண்ணம் குறைவு. அந்தச் சுருக்கத்திலிருந்து ஒரு கடித வரைவு வந்தது, அதில் “தாங்கள் வேண்டுமென்றே தலைமறைவாக இருப்பதால்” என்று ஒரு வாக்கியம் இருந்தது. அன்றைக்குப் போக வேண்டிய கடிதங்கள் நிறைய இருந்தன. அவர் ‘சரி’ பொத்தானை அழுத்தினார், கிளை முகாமையாளர் கையெழுத்து வைத்தார், கடிதம் தபாலில் போனது.

அடுத்த கிழமை அந்த விவசாயி மச்சானையும் கூட்டிக்கொண்டு கிளைக்கு வந்தார். கடிதத்தை மேசையில் விரித்து வைத்து, கோபத்தைவிட அவமானம் கூடிய குரலில் கேட்டார்: “நான் எங்க மனே ஒளிச்சன்? வாடிக்குள்ள கெடந்து யானைக்குக் காவல் பார்த்தன்.”

படுவான்கரையைத் தெரிந்த எவருக்கும் இது புதிதில்லை. கதிர் முற்றிய நேரத்தில் ஆண்கள் வயல் வாடியில், அதாவது காவல் குடிசையில்தான் படுப்பார்கள். வழக்கமான உத்தியோகத்தராக இருந்தால் வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்கே போயிருப்பார், அல்லது “ஆள் இல்லை” என்று எழுதினாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த விளக்கம் கொப்பியில் ஒருநாளும் எழுதப்பட்டதில்லை, ஏனென்றால் எழுதத் தேவை இருந்ததில்லை. இயந்திரத்துக்குக் கிடைத்தது எழுதியது மட்டும். அது மூன்று ‘இல்லை’யைக் கண்டது, கடன் கோப்புகளில் அப்படியான வரிகளுக்குப் பிறகு வழக்கமாக என்ன வருமோ அதை எழுதியது. மொழி மாதிரிகள் வேலை செய்வதே அடுத்து வரக்கூடிய சொல் எது என்ற நிகழ்தகவில்தான். வெள்ளாமை எப்போது வெட்டுவது என்று அதற்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

முடிவுகளும் காரணங்களும்

அந்த இளம் உத்தியோகத்தருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கச் சொன்னார் பணிப்பாளர். மனிதவள முகாமையாளர் மறுத்தார். இந்த முழு நிகழ்விலும் திருப்பம் இந்த இடத்தில்தான் வந்தது என்று நினைக்கிறேன். அவர் சொன்ன காரணம் நேரானது: செங்கலடிக்காரர் பயந்தது இதற்குத்தான், இப்போது இவரைத் தண்டித்தால் அந்தப் பயம் சரி என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும், அதற்குப் பிறகு ஒருவரும் ஏஐ செய்த பிழையை வெளியில் சொல்ல மாட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் போகவில்லை. கிளை முகாமையாளரும் மனிதவள முகாமையாளரும் விவசாயியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள், கடிதத்தை எழுத்தில் வாபஸ் வாங்கினார்கள், தவணையை வெட்டு முடிந்த பிறகு கட்ட மாற்றிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு ஏஐ கடிதங்களை நிறுத்தி வைத்து, ஒரு பக்கத்தில் எழுதிய ஓர் உடன்பாட்டை முகாமையாளர் பணிப்பாளரிடம் கொண்டுபோனார். மிச்சமாகும் நேரத்தைப் பற்றியதுதான் முதல் பந்தி. ஏஐயால் வேலை சுருங்கியது என்ற காரணத்தைக் காட்டி ஒரு வருடத்துக்கு யாருடைய வீட்டு இலக்கும் கூட்டப்படாது, யாரும் நிறுத்தப்படவும் மாட்டார்கள். பின்னேரம் மிஞ்சும் நேரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு வீட்டுக்குப் போக, மற்றப் பங்கு பிந்திய வாடிக்கையாளரை ஆறுதலாகப் பார்க்க. பணிப்பாளர் நீண்ட நேரம் வாதாடினார். காசு கொடுத்து வாங்கிய பொருளால் இலக்குக்கூட ஏறாதென்றால் எதற்கு வாங்கினேன் என்று கேட்டார், நியாயமான கேள்விதான். முகாமையாளர் இரண்டு தாளை முன்னால் வைத்தார்: ஒன்று பெரும்பாலானவர்கள் கருவியைத் தொடவில்லை என்று காட்டிய பாவனை அறிக்கை, மற்றது அந்தத் தலைமறைவுக் கடிதம். மறைத்துப் பாவிப்பதும் அவசரத்தில் பாவிப்பதும்தான் இப்போது நடக்கிறது, இரண்டாலும் நட்டம் நமக்கு என்றார். ஒரு வருட இலக்கு வாக்குறுதிக்குப் பணிப்பாளர் கையெழுத்திட்டார். விலகிப்போகிறவர்களின் இடத்துக்குப் புதிய ஆள் எடுப்பேன் என்ற உறுதியைத் தர மறுத்துவிட்டார். அந்த வரி வெட்டப்பட்டது, வெட்டப்பட்டது என்பதையும் ஊழியர்களுக்குச் சொன்னார்கள்.

இரண்டாவது, பொறுப்பு. நிலுவைக் கடிதம் எதுவும் அந்த வாடிக்கையாளரை நேரில் தெரிந்த ஒருவர் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாராமல் போகக் கூடாது. ஒழுங்காக ஒப்பிட்ட பிறகும் பிழை நேர்ந்தால் அது நிறுவனத்தின் பிழை. கனடாவில் எயார் கனடாவின் இணையத்தள உரையாடல் கருவி, உறவினர் மரணத்துக்காகப் பயணம் செய்த ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றிப் பிழையாகச் சொல்லிவிட்டது. அந்தக் கருவி தன் சொல்லுக்குத் தானே பொறுப்பு என்ற மாதிரி நிறுவனம் வாதிட்டதை 2024இல் தீர்ப்பாயம் ஏற்கவில்லை, நட்டஈடு கட்டச் சொன்னது. முகாமையாளர் கிளைகளில் எல்லாம் இதைச் சொன்னார். “கருவி சொன்னது” என்று வாடிக்கையாளரிடம் நாமும் சொல்ல முடியாது, உத்தியோகத்தர் தலையில் தள்ளிவிடவும் முடியாது என்பதற்காக.

மூன்றாவது, ஏஐ தொடக் கூடாத இடங்கள்: கடன் மறுப்பு, ஒழுக்காற்று, உத்தியோகத்தர்களைத் தரவரிசைப்படுத்துவது. கடைசியில் சொன்னது பணிப்பாளருக்கு மிகவும் ஆசையான விஷயம். முகாமையாளர் அமேசானை எடுத்துக் காட்டினார். விண்ணப்பங்களைத் தரப்படுத்த அவர்கள் செய்த கருவி, பழைய ஆட்சேர்ப்புப் பதிவுகளிலிருந்து கற்றதால் பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது, அதைக் கைவிட்டார்கள் என்று 2018இல் செய்தி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டமும் ஆட்சேர்ப்பு, ஊழியர் மதிப்பீடு, தனிநபர் கடன் தகுதி மூன்றையும் உயர் ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் எங்கே கவனம் வேண்டும் என்று யோசித்தவர்கள் இதே இடங்களைத்தான் சுட்டியிருக்கிறார்கள்.

நான்காவது, இலவசச் செயலிகள். இதுவரை பாவித்ததற்கு விசாரணை இல்லை, என்ன பாவிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், இனிமேல் வாடிக்கையாளர் விவரம் அலுவலகக் கருவிக்கு வெளியே போகக் கூடாது. இதைச் சுற்றுநிருபமாக அனுப்பாமல் கிளைக் கூட்டங்களில் நேரே சொன்னார்.

பயிற்சி மாறிய விதம்

ஹோட்டல் மண்டபம் இல்லை. கிளையிலேயே, ஐந்தாறு பேர், மேசையில் அவர்களுடைய சொந்தக் கொப்பிகள். ஒவ்வொரு மேசையிலும் களம் தெரிந்த ஒரு மூத்தவரும் கருவி தெரிந்த ஓர் இளையவரும் சேர்ந்து உட்கார வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி பிழை பிடிப்பது. ஏஐ தந்த சுருக்கத்தை வாசித்து, இதில் என்ன விடுபட்டது, எது கொப்பியில் இல்லாமல் புதிதாக முளைத்தது என்று சிவப்புப் பேனையால் கோடு போட வேண்டும். ஆங்கிலக் கடிதங்களில் பிழை குறைவாக இருந்தது, தமிழில் அதிகமாக இருந்தது. இந்த மாதிரிகள் கற்ற தமிழ் எழுத்து ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, அதிலும் மட்டக்களப்புப் பேச்சு எழுத்தில் வந்தது இன்னும் குறைவு என்பதை விளக்கினோம்.

செங்கலடி மேசையில் அந்த மூத்தவர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஒரு சுருக்கத்தில் “தொடர்பு கொள்ள முடியவில்லை” என்று வந்ததைப் பார்த்ததும், “இது ஆடி மாசமல்லவா, அந்த வீட்டில எல்லாரும் கதிர்காமத்துக்கு நடந்து போயிருப்பாங்க” என்றார். அப்புறம் நிறுத்தவில்லை. பெரும்போகம் எப்போது, சிறுபோகம் எப்போது, யார் வாடியில் படுப்பார்கள், எந்தக் கிராமத்தில் எப்போது திருவிழா, நோன்பு மாதத்தில் கல்முனையில் எத்தனை மணிக்குப் பிறகு வீட்டுக்குப் போகக் கூடாது, வெள்ளிக்கிழமை எந்த நேரம் கடை பூட்டியிருக்கும், எந்தக் காற்றில் தோணி கடலுக்குப் போகாது. பக்கத்தில் இருந்த இளம் பெண் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டே வந்தார்.

மற்றக் கிளைகளும் தங்கள் பகுதிக்கு எழுதின. அந்தத் தாள்களை மென்பொருள் நிறுவனத்திடம் கொடுத்து, சுருக்கம் எழுதும் முன் ஏஐ வாசிக்க வேண்டிய அறிவுறுத்தலோடு சேர்த்தார்கள். ஒரு விதியும் போட்டார்கள்: காரணம் கொப்பியில் இல்லையென்றால் ஏஐ காரணம் சொல்லக் கூடாது, “காரணம் பதியப்படவில்லை” என்று எழுத வேண்டும். வெளிக்களக் குறிப்புப் படிவத்திலும் “ஏன்” என்று ஒரு கட்டம் வந்தது. மூத்தவர்களின் தலைக்குள் மட்டும் இருந்தது முதல் தடவையாக எழுத்துக்கு வந்தது. இதற்காக மட்டுமாவது இந்த முயற்சி செய்யத் தக்கது என்பேன்.

பிறகு நடந்தது

ஆறு மாதத்துக்குள் அலுவலகக் கருவியின் பாவனை நன்றாக ஏறியது. களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் ஆட்கள் ஐந்து, ஐந்தரைக்கே கிளம்புவதை நானே பார்த்தேன். பிழைகளைப் பதியும் கொப்பி ஒவ்வொரு கிளையிலும் நிரம்புகிறது, அதை முகாமையாளர் நல்ல அறிகுறியாக எடுக்கிறார், ஏனென்றால் முன்பும் பிழைகள் இருந்தன, சொல்லுவார் இருக்கவில்லை. நிலுவைக் கடிதங்கள் எண்ணிக்கையில் குறைந்தன, போய்ப் பார்ப்பது கூடியது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அக்கரைப்பற்றுக் கிளையில் பாவனை ஏறவே இல்லை. அங்கே கிளை முகாமையாளர் தானே அதைத் திறப்பதில்லை, அவரைப் பார்த்து மற்றவர்களும் திறப்பதில்லை. சொந்தப் போனில் பாவிப்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மூத்த இருவர் பயிற்சிக்குப் பிறகும் கொப்பியோடுதான் இருக்கிறார்கள், அவர்களை வற்புறுத்துவதில்லை என்று விட்டுவிட்டார்கள். இலக்கு வாக்குறுதியின் வருடம் முடிய வருகிறது, அடுத்த வருடத்துக்கும் நீடிப்பதா என்ற பேச்சு நடக்கிறது, கிளைகளில் எல்லோருக்கும் அதில்தான் கண்.

மறுபடி செய்வதானால்

முகாமையாளரும் நானும் இருந்து கதைத்ததில் முதலில் வந்தது வரிசை. உடன்பாடு முதலில், கருவி பிறகு. மனிதவளப் பிரிவு ஒப்பந்த மேசையில் இருக்க வேண்டும், இருந்து மூன்று விஷயம் கேட்க வேண்டும்: தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, நம் கோப்புகளை வைத்து மாதிரியைப் பயிற்றுவிப்பார்களா, நம் சொந்தக் கொப்பிப் பக்கங்களைக் கொடுத்துத் தமிழில் ஒரு மாதம் சோதித்துப் பார்க்க விடுவார்களா. விற்பனையாளர் காட்டும் மாதிரிக் கடிதம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

அடுத்து, கிளை முகாமையாளர்களுக்குத் தனியாக, முதலாவதாகப் பயிற்சி. அக்கரைப்பற்றில் கண்டதால் இது வந்தது.

புதிய கருவியை அவசர காலத்தில் தொடங்கக் கூடாது என்பதையும் சேர்த்தோம். வெள்ளத்துக்குப் பிந்திய நிலுவைக் குவியலில் யாருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்கவில்லை. சிறுபோக வெட்டு முடிந்து பெரும்போக விதைப்புக்கு முன்னால் ஒரு மந்தமான காலம் வரும், அதில் தொடங்கியிருக்கலாம்.

கடைசியாக, எழுதுவினைஞர். உண்மையில் வேலை சுருங்கியது அவருக்குத்தான், ஆனால் எல்லோரையும் கேட்ட பிறகு கடைசியாகத்தான் அவரிடம் கேட்டார்கள், அதுவும் ஒரே தடவை. இப்போது களுவாஞ்சிக்குடிக் கிளையில் கடிதத்தோடு வருகிற வாடிக்கையாளருக்கு வாசித்து விளங்கப்படுத்தும் மேசையில் இருக்கிறார். சனம் அவரைத் தேடி வருகிறது. ஆனால் தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டியிருக்கிறது, அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று இப்போது வாய் திறந்து சொல்கிறார். அவருடைய புதிய பதவிப் பெயரும் பயணப்படியும் இன்னும் எழுத்தில் இல்லை. இலக்கு வாக்குறுதியை நீடிக்கும் கூட்டத்திலேயே இதையும் முடிக்க வேண்டும் என்று முகாமையாளர் பணிப்பாளருக்குக் குறிப்பு அனுப்பியிருக்கிறார்.